விரட்டிய ஊரில் கிடைத்த திண்ணை

2002 அக்டோபர் 28. அமெரிக்காவின் பிலடெல்பியா நகர மையத்தில், சிட்டி ஹாலுக்கு அருகே உள்ள சதுக்கம். 92 வயது முதியவர் ஒருவர் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்ள ஆட்களோடு, ஸ்கேட்போர்டில் ஏறிச் சில அடி தூரம் உருண்டார். அங்கே ஸ்கேட்போர்டு ஓட்டத் தடை இருந்தது. தடையை மீறுகிறேன் என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டே அதைச் செய்தார்.

அவர் பெயர் எட்மண்ட் பேக்கன். 1949 முதல் 1970 வரை அந்நகரின் திட்டமிடல் ஆணையத்தின் இயக்குநர். சினிமா பார்ப்பவர்களுக்கு நடிகர் கெவின் பேக்கனின் அப்பா என்றால் சட்டென்று விளங்கும். அந்தச் சதுக்கத்தின் மூலக்கருவே அவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது எழுதிய ஆய்வேட்டில் பிறந்ததுதான். கட்டிடக் கலைஞர் வின்சென்ட் கிளிங்குடன் சேர்ந்து 1965இல் அது உருவம் பெற்றது. அரசு ஏட்டில் அதன் பெயர் ஜான் எஃப். கென்னடி பிளாசா. ராபர்ட் இண்டியானாவின் ‘லவ்’ சிற்பம் 1976இல் அங்கே வந்தபிறகு ஊர் வாயில் ‘லவ் பார்க்’ ஆகிவிட்டது.

கட்டியவரே தன் சதுக்கத்தில் சட்டத்தை மீறும் அளவுக்கு என்ன நடந்தது?

முதலில் இந்த விளையாட்டுக்கு ஏன் சதுக்கம் வேண்டும் என்பதைப் பார்த்துவிடலாம். 1970களின் தொடக்கத்தில் பாலியூரித்தேன் சக்கரம் வந்தது. பலகை கரடான தரையிலும் வழுக்காமல் ஓடியது. அடுத்து ‘ஆலி’ என்ற வித்தை. பலகையின் வாலைக் காலால் தட்டி, கையால் தொடாமலே பலகையோடு எழும்புவது. 1970களின் இறுதியில் ஆலன் கெல்ஃபாண்ட் சரிவுத் தளத்தில் செய்துகாட்டியதை, சில ஆண்டுகளில் ராட்னி மல்லன் சமதரைக்குக் கொண்டுவந்தார். அதோடு ஆட்டம் மாறியது. தனியாகச் சரிவுத் தளம் கட்ட வேண்டியதில்லை. படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, திண்ணை எல்லாமே ஆடுகளம். எழும்பித் திண்ணை விளிம்பில் பலகையின் உலோக அச்சை வைத்து உரசிக்கொண்டே போவதற்கு ‘கிரைண்ட்’ என்று பெயர். இன்று ஒலிம்பிக்கில் ‘ஸ்ட்ரீட்’ என்ற பிரிவில் பார்ப்பது, ஊர்ச் சதுக்கம் ஒன்றின் நகலைத்தான்.

லவ் பார்க் இதற்கென்றே செய்ததுபோல வாய்த்தது. மொழுமொழுவென்ற கிரானைட் திண்ணைகள், அகலமான தரை, அடுக்கடுக்கான படிகள், நடுவே நீரூற்று. சிமென்ட் விளிம்பு நாலு உரசலில் உதிர்ந்துவிடும், கிரானைட் தாங்கும். 1990களில் ஸ்டீவி வில்லியம்ஸ், ஜாஷ் காலிஸ் போன்றவர்கள் இங்கே ஆடிய காட்சிகள் வீடியோக்களில் பரவின. உலகின் எந்த மூலையில் இருக்கும் ஸ்கேட்டருக்கும் அந்தத் திண்ணைகள் மனப்பாடம்.

மாநகராட்சியின் எரிச்சலிலும் நியாயம் இல்லாமல் இல்லை. வழுக்குவதற்காகத் தேய்க்கும் மெழுகு கல்லைக் கறுப்பாக்கும், விளிம்பு சில்லு சில்லாகப் பெயரும். மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்து உட்காரும் அலுவலகக்காரருக்குக் காலடியில் பலகை வந்து மோதினால் சாப்பாடு இறங்குமா? 2000இல் பொது இடங்களில் ஸ்கேட்போர்டு ஓட்டத் தடை வந்தது. 2002இல் மேயர் ஜான் ஸ்ட்ரீட்டின் நிர்வாகம் சதுக்கத்தையே திருத்தியமைத்து, ஆடுவதற்கு வழியில்லாமல் செய்தது. வேடிக்கை என்னவென்றால், 2001, 2002 இரண்டு ஆண்டுகளும் ஸ்கேட்போர்டும் இடம்பெறும் எக்ஸ் கேம்ஸ் என்ற சாகச விளையாட்டுப் போட்டியை இதே நகரம்தான் வரவேற்று நடத்தியது. காசு கொண்டுவரும் ஸ்கேட்டருக்குச் சிவப்புக் கம்பளம், உள்ளூர்ப் பையனுக்குப் போலீஸ்! பேக்கன் பலகையில் ஏறியது இந்த நேரத்தில்தான். டிசி ஷூஸ் என்ற காலணி நிறுவனம், பராமரிப்புக்கு 10 லட்சம் டாலர் தருகிறோம், ஆடவிடுங்கள் என்று 2004இல் கேட்டுப் பார்த்தது. மாநகராட்சி மறுத்துவிட்டது.

இனி இரண்டு வழிதான். அதில் ஒன்றை அந்நகர ஸ்கேட்டர்கள் முன்பே பார்த்திருந்தார்கள். 1990களின் நடுவில் அவர்களை நகர மையத்திலிருந்து நகர்த்துவதற்காக, தெற்கே நெடுஞ்சாலை மேம்பாலத்தின் அடியில் எஃப்.டி.ஆர். பூங்காவில் மாநகராட்சி சிறிய இடம் ஒதுக்கியது. கொடுத்தது போதாமல், அவர்களே சிமென்ட் குழைத்து, சுவர் சுவராக எழுப்பி அதை வளர்த்தார்கள். சொந்தக் கையால் கட்டியது என்பதால் அதன் மேல் அவர்களுக்கு இருக்கும் உரிமையுணர்வு தனி. ஆனால் அது ஒதுக்குப்புறம். அங்கே ஸ்கேட்டர்தான் போவார்.

இன்னொரு வழி நீளமானது: மனு, கூட்டம், வரைபடம், நன்கொடை. லவ் பார்க்கை இழந்தவர்களும் அவர்கள் பக்கம் நின்றவர்களும் ‘பிராங்க்ளின்ஸ் பெயின் ஸ்கேட்பார்க் ஃபண்ட்’ என்ற அமைப்பாகச் சேர்ந்தார்கள். பெஞ்சமின் பிராங்க்ளின், தாமஸ் பெயின் என்ற இரண்டு பிலடெல்பியா பெரிய மனிதர்களின் பெயரை ஒட்டிய சொல் விளையாட்டு அது; காதில் ‘பிராங்க்ளினின் வலி’ என்றும் விழும். வலிக்குக் குறைவில்லை. கலை அருங்காட்சியகத்தின் அருகே, ஷுயில்கில் ஆற்றோரம் இடம் கிடைத்தது. ‘ராக்கி’ படத்தில் சில்வஸ்டர் ஸ்டலோன் ஓடி ஏறும் படிகள் இந்த அருங்காட்சியகத்தினுடையவைதான். இடம் கிடைத்தாலும் பணம் துளித்துளியாகத்தான் சேர்ந்தது. அரசுப் பணமும் அறக்கட்டளைப் பணமும் தனியார் கொடையும் கூடிவர ஆண்டுகள் ஓடின.

அவர்கள் செய்த புத்திசாலித்தனம் வடிவமைப்பில் இருக்கிறது. கட்டிடக் கலைஞர் ஆண்டனி பிராக்காலி, வேலி போட்ட விளையாட்டுத் திடலை வரையவில்லை. ஸ்கேட்டருக்கு இடமுள்ள பொதுச் சதுக்கம் ஒன்றை வரைந்தார். உட்காரப் படிகள், நடக்கப் பாதை, அவற்றின் ஊடாகவே உரசத் திண்ணைகள். குழந்தையை அழைத்து வந்த தாயும் ஆற்றைப் பார்க்க வந்த தாத்தாவும் ஸ்கேட்டரும் ஒரே இடத்தில். லவ் பார்க்கில் தற்செயலாக நேர்ந்ததை இங்கே திட்டமிட்டுச் செய்தார்கள்.

சுமார் இரண்டரை ஏக்கர். செலவு ஏறக்குறைய 45 லட்சம் டாலர். 2013 மே மாதம் ‘பெயின்ஸ் பார்க்’ திறக்கப்பட்டது. பேக்கன் பலகையில் ஏறிப் பத்தரை ஆண்டுகள். அதைப் பார்க்க அவர் இல்லை, 2005இல் காலமாகிவிட்டார். தடை வந்தபோது பள்ளிக்கூடத்தில் படித்த பையன்கள் திறப்பின்போது பிள்ளை பெற்றிருப்பார்கள்.

இதை வெற்றி என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. முழு வெற்றி என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. லவ் பார்க் ஊரின் நடுவீடு. யாரும் எதையும் தேடிப் போகாமலே எல்லோரும் எதிர்ப்படும் இடம். ஆற்றோரச் சதுக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே கிளம்பித்தான் போக வேண்டும். வேறு இடம் கேட்டுப் பெறுவதில் ஒரு விலை இருக்கிறது: பழைய இடத்தில் உனக்கு உரிமையில்லை என்பதைப் பாதி ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுகிறது.

இது மாநகராட்சிக்கும் உறுத்தியிருக்க வேண்டும். லவ் பார்க்கை இடித்துப் புதிதாகக் கட்ட முடிவானபோது, மேயர் ஜிம் கென்னி 2016 பிப்ரவரியில் சில நாட்களுக்குத் தடையை விலக்கினார். எலும்பை உறையவைக்கும் குளிர். அப்படியும் பழைய ஆட்களும் புதிய பையன்களும் வந்து, போலீசுக்குப் பயப்படாமல் ஆடித் தீர்த்தார்கள். 2018இல் புதிய சதுக்கம் திறந்தது. பழைய திண்ணைகள் அங்கே இல்லை.

அந்த கிரானைட் கற்களில் ஒரு பகுதி கப்பலேறி அட்லாண்டிக்கைக் கடந்தது. சுவீடனின் மால்மோ நகரம் அவற்றைக் கொண்டுபோய், ஸ்கேட்டர்கள் உரசுவதற்கென்றே தன் பொதுவிடத்தில் பதித்திருக்கிறது.