பல வன்தட்டுகள், ஒரே சேமிப்பகம்

கணினியில் நாம் சேமிக்கும் படங்களும் பாடக் குறிப்புகளும் வன்தட்டில் பதிவாகின்றன. அத்தட்டு ஒருநாள் திடீரெனப் பழுதடைந்தால் என்னவாகும்? நமக்குப் பல நாள் உழைப்பு வீணாகும். ஒரு மருத்துவமனைக்கோ நோயாளிகளின் பதிவுகளே பறிபோகும். இத்தகைய இழப்பைத் தவிர்க்க, பல வன்தட்டுகளை ஒன்றிணைத்து ஒரே பெரிய சேமிப்பகம்போல் இயங்கச் செய்கின்றனர். இம்முறை ‘ரெய்டு’ எனப்படுகிறது.

1988ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி காட்ஸ் ஆகிய மூவரும் இம்முறையை விளக்கி ஆய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். அக்காலத்தில் பெருங்கணினிகளுக்கான வன்தட்டுகள் விலை மிகுந்தவை. அவற்றுக்குப் பதிலாக, விலை குறைந்த சிறிய தட்டுகள் பலவற்றை இணைக்கலாம் என்று அவர்கள் கூறினர். தரவைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பல தட்டுகளில் ஒரே நேரத்தில் எழுதலாம், படிக்கலாம். இதனால் கொள்ளளவோடு வேகமும் கூடும்.

ஆயினும், இதில் ஒரு சிக்கல் உண்டு. தட்டுகள் பெருகப் பெருக, அவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதடையும் வாய்ப்பும் பெருகும். சராசரியாக 30,000 மணி நேரம் இயங்கும் தட்டுகள் நூற்றினை இணைத்தால், சராசரியாக 300 மணி நேரத்தில், அதாவது இரண்டு வாரத்திற்குள், ஒரு தட்டு பழுதடையும் என அவர்கள் கணக்கிட்டனர்.

இதற்குத் தீர்வாக, ஒரே தரவை இரு தட்டுகளில் எழுதலாம். ஆனால், அதற்கு இருமடங்கு தட்டுகள் தேவை. அதைவிடச் சிக்கனமான வழியும் உண்டு. முதல் தட்டில் 7, இரண்டாம் தட்டில் 5 என்னும் எண்கள் இருப்பதாகக் கொள்வோம். மூன்றாம் தட்டில் அவற்றின் கூட்டுத்தொகையான 12ஐ எழுதி வைக்கிறோம். இரண்டாம் தட்டு பழுதடைந்தால், 12இலிருந்து 7ஐக் கழித்து, இழந்த 5ஐ மீட்டுவிடலாம். கணினியும் இதைப் போன்ற ஒரு கணக்கைக் கொண்டே தரவை மீட்கிறது. புதிய தட்டைப் பொருத்தும்வரை சேமிப்பகமும் தொடர்ந்து இயங்குகிறது.

எனினும், ரெய்டு எல்லா ஆபத்துகளிலிருந்தும் நம்மைக் காப்பதில்லை. ஒரு கோப்பை நாமே தவறுதலாக அழித்தால், அது எல்லாத் தட்டுகளிலிருந்தும் நீங்கிவிடும். தீ விபத்து நேர்ந்தால், அருகருகே உள்ள தட்டுகள் அனைத்தும் ஒன்றாகவே அழியும். ஆகவே, முக்கியமான கோப்புகளின் நகலை வேறோர் இடத்திலும் பாதுகாப்பதே அறிவுடைமை.