மேய்ப்பரிடம் கேட்கப்படாத கேள்வி

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தபோது காற்றில் கலந்த கதிரியக்கத் துகள்கள், மே மாதத் தொடக்கத்தில் பெய்த கனமழையோடு வடமேற்கு இங்கிலாந்தின் கம்பிரிய மலைகளிலும் இறங்கின. அவற்றுள் ஒன்றான சீசியம் 137, பாதியாகச் சிதைவதற்கே ஏறத்தாழ 30 ஆண்டுகள் எடுத்துக்கொள்வது. புல் வழியாக ஆட்டிறைச்சியில் சேர்வது. ஜூன் 20 அன்று அப்பகுதி ஆடுகளை இடம்பெயர்க்கவும் வெட்டவும் அரசு தடை விதித்தது. மூன்று வாரங்களில் அது விலகிவிடும் என்றே அறிவியலாளர்கள் கருதினர்.

சில பண்ணைகளில் அந்தத் தடை 2012 வரை நீடித்தது. களிமண் சீசியத்தை இறுகப் பிடித்துக்கொள்வதால் அது வேருக்கு எட்டாது என்பது ஆய்வுகள் காட்டிய உண்மைதான். ஆனால் அம்மலைகளில் இருப்பது மக்கிய தாவரங்கள் திரண்டு உருவான, பீட் எனப்படும் அமில மண் என்பதால், அங்கே சீசியம் கட்டுப்படாமல் மீண்டும் மீண்டும் புல்லில் ஏறியது. ஓரிடத்தில் மெய்யான அறிவு, இடம் மாறியதும் சோதிக்கப்படாமலே விதியாக்கப்பட்டது.

மேய்ப்பர்களை நேரில் கண்டு ஆராய்ந்த சமூகவியலாளர் பிரையன் வின் பதிவுசெய்தவை இன்னும் வருத்தம் தருபவை. சீசியத்தை உறிஞ்சும் பென்டோனைட் என்னும் களிமண் பொருளைத் தரையில் தூவி, வேலியிட்ட பாத்திகளில் ஆடுகளை அடைத்து ஆய்வு நடந்தது. திறந்த மலையில் திரிந்து மேயும் ஆடுகள் அடைப்பில் மெலியும், முடிவும் பிழைபடும் என்று மேய்ப்பர்கள் எச்சரித்தனர், அது செவியேறவில்லை, பின்னர் அதே காரணத்தால் ஆய்வு கைவிடப்பட்டது. மலையாடுகளுக்கு வைக்கோல் போடலாம் என்று வந்த அறிவுரையும் அவற்றின் மேய்ச்சல் பழக்கத்தை அறியாமல் சொல்லப்பட்டதே. தலைமுறைகளாகச் சேர்ந்த இந்த அறிவு எந்த ஏட்டிலும் இல்லை என்பதாலேயே, அதை அறிவென்று எண்ணவும் அதிகாரிகளுக்குத் தோன்றவில்லை; இது கல்வியின் குறையன்று, கேட்கத் தவறியதன் குறை.

ஆயினும் மேய்ப்பரின் கண்ணுக்குச் சீசியம் தெரியாது. கிலோவுக்கு 1,000 பெக்கரல் என்ற கதிரியக்க வரம்பை ஆடு மீறியதா என்பதைக் கருவியே சொல்லும். பின்னாளில் ஆடுகளை உயிருடன் அளந்து, வரம்பு மீறியவற்றுக்கு வண்ணக்குறி இட்டு, வெட்டுவதற்கான தடையை நீட்டித்தனர். தூய புல் மேய்ந்தால் ஆட்டின் உடலிலிருந்து சீசியம் சில வாரங்களில் பெருமளவு வெளியேறிவிடும் என்பது ஆய்வு தந்த செய்தி. எந்த மந்தையை எப்போது பள்ளத்தாக்குக்கு இறக்கலாம், அங்குள்ள புல் எத்தனை ஆடுகளைத் தாங்கும் என்பது மேய்ப்பர் அறிந்த செய்தி.