நாற்காலிப் பரிசில்: வேல்ஸ் நாட்டுப் புலவரும் இசைவாணரும்

பாடி வந்த புலவர்க்கு மன்னர் பொன்னும் தேரும் யானையும் வழங்கிய செய்திகளைச் சங்க நூல் பயின்றோர் அறிவர். பிரிட்டன் தீவின் மேற்குப் புறத்தே உள்ள வேல்ஸ் நாட்டிலோ புலவனுக்குரிய தலையாய பரிசில் ஒரு நாற்காலி. மரத்தாற் செய்து, சித்திர வேலைப்பாடு அமைத்து, பேரவையின் நடுவே வென்றவரை அதில் அமர்த்துவர். மன்னன் முன் யார் அமரலாம், யார் நிற்க வேண்டும் என்ற வரையறை இருந்த காலத்திற் பிறந்த மரியாதை அது.

1176ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில், ரீஸ் என்னும் வேல்ஸ் சிற்றரசர் கார்டிகன் கோட்டையில் ஒரு விழா எடுத்தார். ஓராண்டுக்கு முன்பே வேல்ஸ், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகிய நாடுகளில் அதனைப் பறைசாற்றச் செய்திருந்தார். புலவர்க்கு ஒரு நாற்காலி, இசைவாணர்க்கு ஒரு நாற்காலி என இரண்டு பரிசில்கள். பாட்டில் வட வேல்ஸ் புலவர் வென்றனர். யாழிசையில் ரீஸின் அரண்மனையைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் வென்றான். இத்தகைய விழாவுக்குப் பின்னாளில் ஐஸ்டெத்வாட் என்ற பெயர் வழங்கிற்று. உட்கார்தல் என்னும் பொருளுடைய சொல்லினின்று பிறந்த பெயர் அது. பாட்டும் இசையும் அன்றே ஒரே அவையில் அமர்ந்தன என்பது கருதத்தக்கது.

அந்நாட்டு யாப்பின் உயிர்நிலை கங்ஹானெத் எனப்படும். இசையியைபு என்பது அச்சொல்லின் பொருள். நம் யாப்பில் மோனைக்கு முதலெழுத்தும் எதுகைக்கு இரண்டாம் எழுத்தும் ஒன்றினாற் போதும். கங்ஹானெத் அவ்வளவில் அடங்குவதன்று. அதன் ஒரு வகையில், அடியின் முற்பாதியில் வரும் மெய்யெழுத்துகள் யாவும் அதே வரிசையிற் பிற்பாதியிலும் வரல் வேண்டும், உயிரெழுத்துகள் மாறலாம். தமிழில் ஒரு காட்டு அமைத்துக் காண்போம்: ‘பாடல் நீ, பிடில் நான்’. முற்பாதியில் ப், ட், ல், ந் என்னும் மெய்கள். பிற்பாதியிலும் அவையே, அதே ஒழுங்கில். கடைசியில் நிற்கும் மெய் கணக்கிற் சேராது. இதனை ஓரடிக்குச் செய்வதே அரிது. வேல்ஸ் புலவனோ நீண்ட பாட்டு முழுவதும், அடிதோறும், இவ்வகையாலோ இதன் இனமான வேறு மூன்று வகைகளாலோ கட்ட வேண்டும். பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த தாவித் அப் குவிலிம் என்பார், அடிக்கு ஏழசையாக அமையும் ஈரடிப் பாட்டில் இக்கட்டளையைக் கையாண்டு, காதலையும் காட்டையும் பறவையையும் பாடினார். கட்டு இறுகினாற் கவிதை மூச்சடைக்கும் என்பார்க்கு அவர் பாடல்களே விடை.

இவ்வளவு கடிய கலை அரசவையோடு மாய்ந்திருக்க வேண்டும். 1282இல் வேல்ஸின் இறுதி இளவரசர் லுவெலின் போரில் மாண்டார். புலவரைப் புரக்கும் கடமை நிலக்கிழார்க்கு வந்தது. 1536ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலத்தையே வழக்குமன்ற மொழியாக்கிற்று. நிலக்கிழாரும் நாளடைவில் ஆங்கிலத்தின்பால் திரும்பினர். கலை கைம்மாறியது அப்பொழுதுதான். உழவரும் தச்சரும் கொல்லரும் அதனைக் கைக்கொண்டனர். 1588இல் வில்லியம் மார்கன் விவிலியம் முழுவதையும் வேல்ஸ் மொழியில் வெளியிட்டிருந்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் கிரிபித் ஜோன்ஸ் என்ற பாதிரியார், சில திங்கள் ஓரூரிலும் பின் அடுத்த ஊரிலும் நடக்கும் சுற்றுப் பள்ளிகளை நிறுவி, எளிய மக்கட்குத் தாய்மொழியில் எழுத்தறிவித்தார். ஆயன் யாப்பு நூலைக் கையிலெடுக்க வழி செய்தவர் அந்த ஆசிரியர் எனில் மிகையாகாது.

இவ்விடத்தில் அயோலோ மார்கனக் என்ற கல்தச்சரை மறத்தல் ஆகாது. 1747இல் பிறந்தவர், பழஞ்சுவடிகளில் ஆழ்ந்த புலமையுடையவர், தாமே பாட்டியற்றி அவற்றைப் பழம்புலவர் தலையில் ஏற்றியவரும் அவரே! தாவித் பாடியனவாக அவர் தந்த சில பாடல்கள் போலி என்பதை அறிஞர் உலகம் இருபதாம் நூற்றாண்டிலேதான் தெளிந்தது. அவர் பழமை கற்பித்துப் புனைந்த புலவர் பேரவைச் சடங்குகள் இன்றும் விழாவில் நடைபெறுகின்றன. பொய்யினின்றும் மெய்யான மரபு முளைப்பதுண்டு போலும்.

1847இல் அரசாங்கக் கல்வி ஆய்வாளர் மூவர் வெளியிட்ட அறிக்கை, மக்களின் பின்னடைவுக்கும் ஒழுக்கக் குறைவுக்கும் அவர்தம் மொழியைக் காரணங்காட்டிற்று. அக்காலப் பள்ளிகள் சிலவற்றில், தாய்மொழி பேசிய மாணவன் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடுவர். அடுத்துப் பேசியவனுக்கு அது மாறும். பொழுது சாயும்போது யார் கழுத்தில் உள்ளதோ அவனுக்கே அடி. ஆசிரியர் பிரம்பினும் கொடியது, தோழனையே ஒற்றனாக்கிய அந்த ஏற்பாடு.

அறிக்கை வெளிவந்த ஒன்பதாம் ஆண்டில், 1856 ஜனவரியில், பொண்டிபிரீத் என்னும் ஊரில் ஒரு பாட்டுப் பிறந்தது. இவான் ஜேம்ஸ் கம்பளி நெசவாளி. அவர் மகன் ஜேம்ஸ் ஜேம்ஸ் யாழ் மீட்டுபவர். மகன் மெட்டமைக்கத் தந்தை பாட்டு யாத்தார் என்பர். முறையை மாற்றிச் சொல்வாரும் உளர். முதலில் ரோந்தா ஆற்றங்கரையின் பெயரால் வழங்கிய அப்பாட்டே இன்று அந்நாட்டின் பண். வீரரோடு புலவரையும் பாடகரையும் புகழ்ந்து, பழைய மொழி நீடு வாழ்க என வாழ்த்துவது அது. 1905இல் கார்டிப் நகரில், நியூசிலாந்துக்கு எதிரான ரக்பி ஆட்டத்தின் தொடக்கத்தில் ஆட்டக்காரர் இதனைப் பாட, கூடியிருந்தோரும் சேர்ந்து பாடினர்.

இசைத்துறைக்கு ஆள் தந்தவை சுரங்கமும் இரும்பாலையும். மெர்தர் டிட்வில் நகரில் 1841இல் பிறந்த ஜோசப் பாரி, ஒன்பது வயதிற் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனார். குடும்பத்தோடு அமெரிக்கா சென்று, ஆங்கே இரும்பாலையில் உடனுழைத்த வேல்ஸ் தொழிலாளரிடம் இசை எழுத்துக் கற்றார். அவர் அனுப்பிய உருப்படிகள் ஐஸ்டெத்வாட்டிற் பாராட்டப் பெற, மக்கள் நிதி திரட்டி அவரைப் படிக்க வைத்தனர். 1874இல் அபெரிஸ்ட்வித் கல்லூரியின் இசைப் பேராசிரியரானார். 1878இல் வேல்ஸ் மொழியின் முதல் இசைநாடகமாகிய ‘பிளாட்வென்’ அரங்கேறிற்று. அவருடைய ‘மவான்வி’ என்னும் காதற்பாட்டை இன்றும் ஆடவர் பாடற்குழுக்கள் விடுவதில்லை. கொல்லராயிருந்த கராடோக் என்பார், நானூற்றுக்கு மேற்பட்ட தொழிலாளர் குடும்பத்தாரைக் கொண்ட பாடற்குழுவை லண்டனுக்கு அழைத்துச் சென்று, 1872, 1873 ஆகிய ஈராண்டும் பரிசு வென்றார். நாம் ஸரிகம எழுதுவதுபோல் இசையை எழுத்துகளாற் குறிக்கும் எளிய முறையே அத்தொழிலாளர்க்குக் கைகொடுத்தது.

ஆயினும் வேல்ஸ் மக்கள் நெஞ்சில் நீங்காது நிற்கும் நாற்காலி ஒன்றுண்டு. எல்லிஸ் ஹம்ப்ரி எவன்ஸ் 1887இல் பிறந்தவர். பதினொரு குழந்தைகளில் மூத்தவர். பதினான்கு வயதிற் பள்ளியை விட்டு, திரௌஸ்வனித் என்னும் சிற்றூரின் மலைச்சாரலில் தந்தையின் ஆடுகளை மேய்த்தவர். ‘தூய அமைதி’ எனப் பொருள்படும் ஹேத் வின் என்பது அவர் புலமைப் பெயர். உள்ளூர் விழாக்களில் நாற்காலிகள் பல வென்றார். 1916ஆம் ஆண்டுத் தேசிய ஐஸ்டெத்வாட்டில் இரண்டாம் இடமே கிட்டிற்று. அதற்குள் கட்டாயப் படைச் சேர்க்கை வந்தது. வீட்டுக்கு ஒருவர் போக வேண்டிய நிலையில், தம்பி ராபர்ட்டை விடுத்துத் தாமே சென்றார். அமைதியைப் பெயராகக் கொண்டவர் 1917இல் துப்பாக்கி ஏந்தினார். ‘வீரன்’ என்ற பாட்டை முடித்து, ஜூலையில் பிரான்சிலிருந்து அஞ்சலில் அனுப்பினார். அம்மாதம் 31ஆம் நாள், பெல்ஜியத்தில் ஈப்பர் நகரருகே நடந்த போரில் மடிந்தார்.

செப்டம்பர் 6ஆம் நாள் பர்க்கன்ஹெட் நகரில் பேரவை கூடிற்று. தலைமையமைச்சர் லாயிட் ஜார்ஜ் வந்திருந்தார். போட்டிப் பாடல்கள் புனைபெயரிலேயே செல்லும். வென்றவர் எழுந்து நிற்குமாறு அப்புனைபெயரை மும்முறை கூவினர். எவரும் எழவில்லை. பாடியவர் ஐந்து கிழமைக்கு முன் களத்தில் வீழ்ந்தார் என அறிவித்து, நாற்காலியின் மேல் கறுப்புத் துணி போர்த்தினர். ‘கறுப்பு நாற்காலி விழா’ என்றே அது பெயர்பெற்றது. அந்நாற்காலியைச் செதுக்கியவர், போருக்கு அஞ்சிப் பெல்ஜியத்தினின்று வந்த ஏதிலி யூஜீன் வான்பிளெட்டரன். எந்த நாட்டு மண்ணில் புலவன் புதைக்கப்பட்டானோ அந்நாட்டான் கைவேலை அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்தம் பண்ணை வீடு இன்று காட்சியகமாக உள்ளது. நாற்காலி அங்கேதான் இருக்கிறது.

1901இல் வேல்ஸ் மக்களிற் பாதிப்பேர் தாய்மொழி பேசினர். 2021ஆம் ஆண்டுக் கணக்கில் அது நூற்றுக்கு 17.8, ஏறத்தாழ 538,000 பேர். 1950 முதல் தேசிய ஐஸ்டெத்வாட்டில் வேல்ஸ் மொழி ஒன்றே வழங்குகிறது. 2011இல் அதற்கு ஆட்சிமொழித் தகுதி சட்டப்படி கிடைத்தது. 1979 முதல் வானொலியிற் புலவர் குழுக்கள் ஒன்றையொன்று எதிர்த்துப் பாடும் போட்டி நடந்து வருகிறது. நூற்றாண்டுகளாய் ஆடவரே அமர்ந்த நாற்காலியில், 2001இல் மெரெரிட் ஹாப்வுட் முதற்பெண்ணாக அமர்ந்தார். அவரும் அதே பழைய கங்ஹானெத்தாற் பாடியே அதனை வென்றார்.