வீழ்ந்தபின் தொடங்கும் வித்தை

ரஸ்ஸல் என்னும் ஆங்கிலேயர் 1929ஆம் ஆண்டில் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவியது முதற்கொண்டு, அம்மலைச் சரிவுகளில் கொழுந்து கிள்ளிக் கூடை சுமந்து வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு, மலாயாத் தோட்டங்கள் எங்கும் வழங்கிய சிலம்பமும் சடுகுடுவும் பழகிய வித்தைகளே. பாடி வருகிறவனின் கணுக்காலைப் பற்றி, மூச்சு முறியும்வரை மண்ணோடு அழுத்திப் பிடிக்கும் சடுகுடுவை ஆடி வளர்ந்தவர்களுக்கு, ஜப்பானியரின் ஜூடோவில் 'நே வாசா' என வழங்கும் தரைப்பிடி முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது.

நம் முன்னோர் இவ்வித்தையின் சுவையை நன்கு அறிந்திருந்தனர். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது, ஒரு காலை அவன் மார்பில் ஊன்றி, மற்றொரு காலால் அவன் முதுகுப்புறத்தை வளைத்து அடக்கிய காட்சியைச் சாத்தந்தையார் புறநானூற்றின் 80ஆம் பாடலில் வருணிக்கிறார். மகனோடு மனம் வேறுபட்டிருந்த தந்தை தித்தன் இதைக் காணவேண்டுமே என்றும் ஏங்குகிறார். மார்பை அழுத்தி, முதுகை அடைத்து, எதிரியைத் திரும்பவொட்டாமல் செய்வதே தரைப்பிடியின் அடிப்படை என்பதால், மல்யுத்தத்தின் நுட்பம் அறிந்த கண்ணே அப்பாட்டைப் பாடியிருக்கிறது என்று துணிந்து சொல்வேன்.

ஜப்பானில் இதன் வேர் போர்க்களத்தில் இருக்கிறது. கவசம் பூண்ட சாமுராய் வீரர்கள் வாளின் வீச்சுக்கு இடமில்லாத நெருக்கத்தில் கட்டிப்புரண்டு, எதிரியைக் கீழே அழுத்திக் குறுவாளால் முடித்த முறையிலிருந்து ஜுஜுத்ஸு மரபுகள் பல கிளைத்தன. அவற்றுள் இரண்டைக் கற்றுத் தேர்ந்த ஜிகோரோ கானோ, 1882இல் தோக்கியோவில் கோடோகான் பயிற்சிக்கூடத்தை நிறுவி ஜூடோவை வகுத்தபோது, எறிந்து வீழ்த்துவதே அதன் பிரதான அம்சமாக விளங்கியது. ஆனால் ஃபுசென் மரபின் மதாயெமோன் தனாபே, நின்று பொருதாமல் தரைக்கு இழுத்தே கோடோகான் வீரர்களைத் திணறடித்ததால், அக்கூடமும் தரைப்பிடியை ஊன்றிப் பயில நேர்ந்தது. பின்னர் 1914 முதல் கியோத்தோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகம் நடத்திய 'கோசென்' போட்டிகளில் மாணவர்கள் இதனை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்தனர்.

அவர்கள் கையில் மெருகேறிய முக்கோணப் பூட்டைப் பாருங்கள். மல்லாந்து கிடப்பவன், தன்மீது கவிந்தவனின் கழுத்தையும் ஒரு கையையும் தன் தொடைகளுக்கிடையே சிறைப்படுத்தி, ஒரு காலின் கணுக்காலை மறுகாலின் முழங்கால் மடிப்பில் பூட்டி இறுக்குகிறான். கழுத்தின் ஒருபுறத்து ரத்தநாளத்தைத் தொடையும், மறுபுறத்து நாளத்தை எதிரியின் சொந்தத் தோளுமே நெருக்க, சில விநாடிகளில் நினைவு தப்பிவிடும். கீழே கிடப்பவனே வெல்லும் இந்த விந்தைக்காகவே நான் இவ்வித்தையை நேசிக்கிறேன். இதே கலையை மித்ஸுயோ மயேதா பிரேசிலுக்குக் கொண்டுசென்றார். அங்கே கிரேசி குடும்பத்தார் அதை வளர்த்த விதம் இன்று உலகறிந்தது.

கேமரன் மலைத் தோட்டத்துப் பிள்ளைகளும் இதைப் பயிலவேண்டும் என்பது என் ஆசை. உடற்கட்டுக் குறைந்தவர்க்கும் இதில் இடமுண்டு. ஆயினும் ஆசானின் கண்காணிப்பின்றி எவரும் கழுத்துப்பிடியில் இறங்கலாகாது. அடிபடாமல் விழுவதையே முதலில் கற்பிக்கிறார்கள். அடுத்து, பிடியில் அகப்பட்டவன் கையால் இருமுறை தட்டினால், தட்டிய கணத்திலேயே பிடியை விட்டுவிடவேண்டும் என்னும் விதியைக் கற்பிக்கிறார்கள்.