கோவிவன் எந்தப் புத்தகத்தில் இருக்கிறான்?

முதல் பானிபட் போர் எந்த ஆண்டு என்று கேட்டால், 1526 என்று பட்டென்று சொல்லும் பிள்ளைகள் நம் வீடுகளில் நிறைய உண்டு. அவர்களிடமே கோவிவன் யார் என்று கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள்.

கோவிவன் ஒரு நாய். சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன், முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தில், செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் எருமைகளைக் காக்கப் போய் உயிரை விட்டான் கருந்தேவக்கத்தி என்ற வீரன். கோவிவன் இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு, காவல் நின்றது. வீரனுக்காக நட்ட கல்லில் நாயையும் செதுக்கி, அதன் பெயரையும் வட்டெழுத்தில் வெட்டி வைத்தார்கள். ராஜாக்களின் பெயரே அழிந்துபோகும் உலகத்தில் ஒரு நாயின் பெயர் தப்பிப் பிழைத்திருக்கிறது!

ஜவ்வாது மலைக்கு இந்தப் பக்கம் ஆலங்காயம் என்றால், அந்தப் பக்கம் செங்கம். அந்த வட்டாரத்து நடுகற்களைப் படித்து, 1972-லேயே தமிழ்நாடு தொல்லியல் துறை தனி நூலாக வெளியிட்டது. ஆனால் அது ஆய்வாளர்களுக்கான நூல். மலையடிவாரத்தில் வளரும் பத்து வயதுப் பிள்ளைக்கு அக்பரின் அரண்மனை தெரிந்த அளவுக்குத் தன் மலை தெரிய வேண்டாமா?

சிறுவர்களுக்கு வரலாறு எழுதுவது லேசான வேலை இல்லை. நேரு 1928-ல் முசோரியில் இருந்த பத்து வயது மகள் இந்திராவுக்குக் கடிதங்கள் எழுதினார். அடுத்த ஆண்டே அவை புத்தகமாகின. அவர் அரசர்களின் பட்டியலோடு தொடங்கவில்லை. கூழாங்கல் ஏன் உருண்டையாக இருக்கிறது என்று யோசிக்க வைத்தார். கல்லையும் படிக்கலாம் என்று காட்டிவிட்டு, பிறகுதான் மனிதர்களிடம் வந்தார்.

தமிழிலும் பெரிய முயற்சி நடந்தது. பெரியசாமித் தூரன் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் 1968-லிருந்து 1976 வரை குழந்தைகளுக்கென்றே பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியம் கொண்டுவந்தது. பழைய நூலகங்களில் கண்ணில் பட்டால் ஒரு தொகுதியையாவது பிள்ளை கையில் கொடுங்கள்.

கடையில் புத்தகம் வாங்கும்போது அட்டைப் படத்தில் மயங்காதீர்கள். நடுவில் ஒரு பக்கத்தைப் புரட்டி, ‘இது எப்படித் தெரிந்தது?’ என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். கல்வெட்டா, காசா, மண்ணில் கிடைத்த பானை ஓடா, யாரோ எழுதிய பயணக் குறிப்பா? அதைச் சொல்லாமல் ‘மன்னர் வீரமாகப் போரிட்டார்’ என்று மட்டும் எழுதியிருந்தால், அது வெறும் கதைப் புத்தகம். கதை தப்பில்லை, ஆனால் வரலாறு என்று சொல்லி விற்கக் கூடாது.

வரலாறு என்றால் வாளும் வேலும் மட்டும்தானா? ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1977 மார்ச் 10 இரவு, யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போவதைப் பார்க்கக் காத்திருந்தார்கள். கோள் வருவதற்கு முன்பே நட்சத்திரம் சில விநாடிகள் மங்கியது. பறக்கும் விமானத்திலிருந்து பார்த்த அமெரிக்கக் குழுவும் அதையே கண்டது. யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது அன்றுதான் தெரிந்தது. 1988-ல் இங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்குக் கணிதமேதை ராமானுஜன் பெயர். நம் ஊர் மலையில் நடந்த இந்த இரண்டும் எந்த வரலாற்றுப் புத்தகத்துக்கும் பெருமைதான்.

நடுகல்லைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. இந்தப் பகுதியில் பல கற்கள் வேடியப்பனாகக் கும்பிடப்படுகின்றன. அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது, சாமி கும்பிட்ட பிறகு பிள்ளையை அந்தக் கல்லின் முன் கொஞ்ச நேரம் நிற்க விடுங்கள். கையில் வில்லா, வாளா? காலடியில் மாடா, நாயா? மேலே எழுத்து இருக்கிறதா? ஒரு நோட்டில் வரைந்து, ஊர்ப் பெயரையும் தேதியையும் எழுதச் சொல்லுங்கள். எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று சுண்ணாம்போ பெயின்ட்டோ மட்டும் பூச விடாதீர்கள். காலையில் சாய்வாக வெயில் விழும்போது போனால் எழுத்து தானாகவே தெரியும்.