வாரந்தோறும் ஒரு சோழநாடு

ஆகஸ்டு 29-ஆம் தேதி மாலையில் கொடி ஏறியது முதல் செப்டம்பர் 8-ஆம் தேதி கொடி இறங்கும் வரையில், காவி உடுத்திக் கால்நடையாகவே வந்து சேரும் யாத்திரிகர்களாலும், மெழுகுவர்த்தியும் தென்னங்கன்றும் விற்கும் கடைகளின் கூவலாலும், நள்ளிரவிலும் ஓயாத பிரார்த்தனைக் கீதங்களாலும் நிறைந்து வழியும் எங்கள் வேளாங்கண்ணி, மறுநாள் காலையில், கல்யாணம் முடிந்த வீட்டைப் போல, ஒருவித இனிய அலுப்போடு மௌனமாகக் கிடக்கும். அந்த மறுநாள், அதாவது செப்டம்பர் 9, 'கல்கி' கிருஷ்ணமூர்த்தி பிறந்த நாள். மாதாவின் திருவிழாவுக்கும் ஒரு கதாசிரியரின் ஜனன தினத்துக்கும் சம்பந்தம் ஏதும் இல்லைதான். ஆனால் விருந்தாளிகள் எல்லாரும் ஊர் திரும்பிய அந்த நாளில்தான் எங்கள் பாட்டிக்கு ஓய்வு கிடைக்கும். ஓய்வு கிடைத்ததும் அவள் செய்யும் முதல் காரியம், பரணிலிருந்து 'பொன்னியின் செல்வன்' பைண்டு புத்தகங்களை இறக்கி, உப்புக்காற்றில் நமுத்துப் போன ஏடுகளை வெயிலில் பிரித்து வைத்து, ராமபாணப் பூச்சி அரித்திருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்ப்பது.

அவை கடையில் வாங்கிய புத்தகங்கள் அல்ல. வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து, நூல் கோத்து, தடித்த அட்டை போட்டு, முதுகில் காலிகோ துணி ஒட்டப்பட்டவை. ஆகவே, ஓர் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினால் மறுபுறத்தில் ஒரு சங்கீதக் கச்சேரியைப் பற்றிய விமரிசனம் பாதியில் தொடங்கிப் பாதியில் அறுந்து நிற்கும். குந்தவையின் படத்துக்கு நேர் பின்னே தலைவலித் தைல விளம்பரம் இருக்கும். பிற்காலத்தில் அச்சுப் பிசகில்லாத அழகிய பதிப்புகள் எத்தனையோ வந்துவிட்டன. ஆயினும், அந்தக் கதை எந்த மண்ணில் முளைத்தது என்பதை, பாதி அறுந்த விமரிசனமும் தைல விளம்பரமுமாகக் கிடந்த அந்தப் பைண்டு புத்தகமே எனக்குத் தெளிவாகக் காட்டிற்று. கல்கி பத்திரிகையும் நடத்திய நாவலாசிரியர் என்று சொல்வது பாதி உண்மைதான். பத்திரிகாசிரியராக இருந்ததனாலேயே அப்படிப்பட்ட நாவலாசிரியர் ஆனவர் அவர்.

இந்த இரட்டைத் தொழில் உலகில் வேறெங்கும் இல்லாத புதுமை அன்று. இங்கிலாந்தில் சார்லஸ் டிக்கன்ஸ் 1850-ஆம் ஆண்டு முதல் தாமே வாரப் பத்திரிகை நடத்தி, அதிலே தம் நாவல்களையும் தொடராக எழுதினார். ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் எர்ன்ஸ்ட் கைல் என்பவர் 1853-இல் 'தோட்டப் பந்தல்' என்று பொருள்படும் 'கார்ட்டன்லௌபே' என்ற குடும்பப் பத்திரிகையைத் தொடங்க, மார்லிட் என்ற புனைபெயர் கொண்ட பெண்மணி 1866 முதல் அதில் எழுதிய தொடர்கதைகளுக்காக ஜெர்மானியக் குடும்பங்கள் வாரந்தோறும் வழி பார்த்துக் காத்திருந்தன. அங்கே பத்திரிகை நடத்தியவர் ஒருவர், கதை எழுதியவர் ஒருவர். தமிழ்நாட்டில் அவ்விரண்டு பாரத்தையும் ஒரே தோளில் சுமந்து, வாசிக்கும் வழக்கமே இல்லாத இல்லங்களிலும் வாசிப்பைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் தலையாயவர், எங்கள் காவிரிப் படுகையில் பிறந்த கல்கி.

பழைய தஞ்சாவூர் ஜில்லாவில், மாயவரத்துக்கு அருகே மணல்மேட்டை அடுத்த புத்தமங்கலம் என்னும் சிற்றூரில், கிராமக் கணக்கரான ராமசாமி ஐயரின் புதல்வராக 1899-இல் பிறந்த கிருஷ்ணமூர்த்தி, உள்ளூர்த் திண்ணையிலும் மாயவரத்திலும் படித்துவிட்டுத் திருச்சிராப்பள்ளி தேசிய உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். பள்ளியிறுதிப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்த 1921-ஆம் ஆண்டில், காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பு அவர் செவியில் விழுந்தது. சர்க்கார் உத்தியோகத்துக்குத் திறவுகோலாக இருந்த அந்தப் பரீட்சையை, நிலபுலன் அதிகமில்லாத ஒரு குடும்பத்துப் பிள்ளை உதறிவிட்டு வெளியேறுவதென்றால் அது எத்தகைய துணிவு என்பதை, ஒரு பிள்ளையின் உத்தியோகத்தை நம்பியே வாழ்ந்த குடும்பங்களைக் கண்டவர்கள் அறிவார்கள். அடுத்த ஆண்டே ஓராண்டுச் சிறைவாசம் கிடைத்தது. காங்கிரஸ் பணியில் ராஜாஜியின் அன்பும் டி. சதாசிவத்தின் நட்பும் கிடைத்தன. அவரது எஞ்சிய வாழ்வை இவ்விரு உறவுகளுமே வகுத்தன என்று சொல்லலாம்.

1923-இல் திரு.வி.க. ஆசிரியராக இருந்த 'நவசக்தி'யில் துணையாசிரியராக அமர்ந்தது அவருடைய குருகுலவாசம். தெள்ளிய தமிழில் தேசத்தையும் சமூகத்தையும் பேசிய அந்தப் பெரியாரின் நிழலில், எழுத்து என்பது பொதுஜனத்துக்குச் செய்யும் ஊழியம் என்ற பாடத்தை அவர் கற்றார். அதன்பின் திருச்செங்கோட்டை அடுத்த காந்தி ஆசிரமத்தில் தங்கி, ராஜாஜி மதுவிலக்குப் பிரசாரத்துக்காக நடத்திய 'விமோசன'த்தில் பணியாற்றினார். கள்ளுக்கடை வாசலில் நிற்கும் தொழிலாளிக்கும் அவன் மனைவிக்கும் விளங்கும்படி எழுத வேண்டும் என்பதே அந்தப் பத்திரிகையின் இலக்கணம். எளிமை என்பது பாண்டித்தியத்தின் குறைவினால் வருவதன்று, எதிரே நிற்பவர் மீதுள்ள மரியாதையினால் வருவது என்பதை அவர் அங்கே அனுபவத்தில் உணர்ந்திருக்க வேண்டும்.

பிறகு, எஸ். எஸ். வாசன் நடத்திய 'ஆனந்த விகட'னின் ஆசிரியப் பொறுப்பை ஏற்று, 1930-களில் அதைத் தமிழ்நாட்டின் வீட்டுப் பத்திரிகையாக ஆக்கினார். தலையங்கம், நகைச்சுவைக் கட்டுரை, பிரயாணக் கட்டுரை, 'கர்நாடகம்' என்ற பெயரில் இசை நாட்டிய விமரிசனம் ஆகிய இத்தனைக்கும் இடையே 'கள்வனின் காதலி', 'தியாகபூமி' ஆகிய தொடர்கதைகளும் அந்த ஒரே பேனாவிலிருந்து பிறந்தன. 'தியாகபூமி'யை இயக்குநர் கே. சுப்பிரமணியம் படமாக எடுத்துக்கொண்டிருக்கும்போதே, கதை பத்திரிகையில் அப்படத்தின் புகைப்படங்களோடு வெளியாயிற்று. 1939-இல் வெளிவந்த அந்தப் படத்தை, தேசிய இயக்கத்தின் வேகம் அதில் இருந்ததனால், ஆங்கில அரசாங்கம் தடை செய்தது.

தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ஈடுபடும்பொருட்டு அந்தச் செழிப்பான பதவியையும் துறந்து, மூன்று மாதம் சிறையிருந்து திரும்பிய கல்கி, சதாசிவத்துடன் கூடித் தம் புனைபெயரிலேயே 1941-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் தேதி புதிய பத்திரிகையைத் தொடங்கினார். அதற்கு வேண்டிய முதலுக்காக, சதாசிவத்தின் மனைவியாரான எம். எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதராக ஆண் வேடம் தரித்து நடித்தார் என்ற செய்தி, நம் இசை வரலாற்றுக்கும் பத்திரிகை வரலாற்றுக்கும் பொதுவான சொத்து. பின்னர் 'மீரா' படத்துக்காக அதே எம். எஸ்ஸின் குரலுக்கென்று கல்கி எழுதிய 'காற்றினிலே வரும் கீதம்' என்னும் பாடல், அந்த நன்றிக்கடனுக்கு அவர் செலுத்திய வட்டி என்றே எனக்குத் தோன்றும்.

சொந்தப் பத்திரிகை அமைந்த பிறகே சரித்திரத்தின் வாசல் முழுதாகத் திறந்தது. 'பார்த்திபன் கனவு' முதலில் வந்தது; மாமல்லபுரத்துக் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யோடு அமர்ந்திருந்த ஓர் இரவில் கருக்கொண்ட 'சிவகாமியின் சபதம்' அடுத்து வந்தது. 1950-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி 'பொன்னியின் செல்வன்' தொடங்கி, மூன்றரை ஆண்டுக் காலம், ஐந்து பாகங்களாக, 293 அத்தியாயங்கள் நடந்தது. பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியாரும் சதாசிவ பண்டாரத்தாரும் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் ஆராய்ந்து எழுதிய சோழர் சரித்திரம் அதற்கு அஸ்திவாரம். ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயர்களை உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. ஏன் கொன்றார்கள், எப்படிக் கொன்றார்கள் என்பதைச் சொல்லவில்லை. கல் மௌனமாகிற அந்த இடத்தில்தான் கல்கியின் கதை பேசத் தொடங்குகிறது. ஓவியர் மணியத்தின் தூரிகை அந்தப் பாத்திரங்களுக்குக் கொடுத்த முகங்களே இன்றுவரை பலருடைய மனத்தில் வந்தியத்தேவனுக்கும் நந்தினிக்கும் உரிய முகங்கள்.

இந்தக் கடற்கரையில் வாழ்கிறவர்களுக்கு அந்தக் கதையோடு தனிப்பட்ட ஓர் உறவு உண்டு. எங்களுக்குத் தெற்கே வேதாரண்யத்தைத் தாண்டினால் கோடிக்கரை. அங்கேதான் குழகர் கோயிலும், சதுப்பு நிலத்தில் குப்பென்று எரிந்து அணையும் கொள்ளிவாய்ப் பிசாசும், படகோட்டிப் பெண் பூங்குழலியும். வடக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டரில் நாகப்பட்டினம். அங்கேதான் பிக்ஷுக்களின் சூடாமணி விஹாரம். குளிர்சுரத்தில் நினைவிழந்த அருள்மொழிவர்மனைப் பூங்குழலியும் சேந்தன் அமுதனும் படகில் கிடத்தி, கோடிக்கரையிலிருந்து கால்வாய் வழியாகவே நாகைக்குக் கொண்டு போகிறார்கள். இன்றும் நாகையிலிருந்து வேதாரண்யம் நோக்கி ஒரு கால்வாய் செல்கிறது. அதன் கரையில் நிற்கும்போதெல்லாம், இருட்டில் துடுப்புச் சத்தம் கேட்காதபடி அந்தப் படகு எங்கள் ஊரின் ஓரமாகத்தான் போயிருக்க வேண்டும் என்று எண்ணி, சிறுவயதில் மெய்சிலிர்த்திருக்கிறேன். நாங்கள் நாள்தோறும் கண்டும் காணாமல் போகிற தாழம்புதரும் உப்பங்கழியும், கல்கி எழுதிய பிறகு, சரித்திரம் நடந்த இடங்களாகிவிட்டன.

ஐந்தாம் பாகத்தில் நாகையில் கடல் பொங்கி ஊருக்குள் புகும் அத்தியாயங்கள் வருகின்றன. நீர் ஏறுகிறது, மண்டபத்தில் இருந்த கல் நந்தியின் கால்கள் மறைகின்றன, முதுகு மறைகிறது, கடைசியில் நந்தியே முழுகிவிடுகிறது. பெரும் பிரளயத்தை ஒரு கல் மாட்டின் உடம்பைக் கொண்டு அளந்து காட்டிய அந்த உத்தியை, வெறும் கதைத் திறமை என்றே நெடுங்காலம் ரசித்துவந்தோம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் ஆழிப்பேரலை வேளாங்கண்ணிக் கடற்கரையையும் நாகையையும் வாரிச் சுருட்டிக்கொண்டு போன பிறகு, அந்தப் பக்கங்களை எங்களில் யாரும் முன்போல வாசிக்க முடியவில்லை. வீட்டுச் சுவரில் நீர் நின்ற கோட்டைப் பார்க்கும்போது நந்தியின் நினைவு வருகிறது.

தொடர்கதை என்பது எழுதுகிறவனுக்கு ஒரு கடுமையான விரதம். அச்சுக்கூடம் காத்திருக்கும், உடம்பு சுகமில்லை என்றாலும், கற்பனை ஓடவில்லை என்றாலும், வாரம் தவறக்கூடாது, முந்திய வாரத்தை மறந்தவருக்கு நினைவூட்ட வேண்டும், அடுத்த வாரம் வரையில் ஆவல் அணையாமல் இருக்க வேண்டும். அதனாலேயே கல்கி, கதைக்கு நடுவே வாசகரை அழைத்து நேரே பேசுகிறார். இன்ன செய்தி இன்ன கல்வெட்டில் உள்ளது என்று அடிக்குறிப்பு எழுதுகிறார். வாசகர்களும் சும்மா இருக்கவில்லை. 1954-இல் கதை முடிந்தபோது, இன்னார் என்ன ஆனார், இன்னாருக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டுக் கடிதங்கள் குவிய, அவற்றுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லி ஒரு முடிவுரையே எழுதினார். கேள்வி கேட்க வாசகருக்கு உரிமை உண்டு என்று நம்பியவரே அப்படிப் பதில் எழுதுவார்.

ஜனரஞ்சகமாக எழுதினார், ஆழம் போதவில்லை என்று அவர் காலத்திலேயே 'மணிக்கொடி' மரபைச் சேர்ந்தவர்களும் பின்னர் வந்த விமரிசகர்களும் குறை கூறினார்கள். அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மனித மனத்தின் இருண்ட மூலைகளைத் துருவியவர்கள் வேறு சிலரே. ஆனால் அந்தச் சிலரை வாசிக்க வந்தவர்களில் எத்தனையோ பேர் எழுத்தின் ருசியை முதலில் கல்கியிடத்தில் கண்டவர்கள் என்பதையும் மறக்கலாகாது. தமிழ் இசை இயக்கத்துக்கு வாதாடியது, எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்பப் பத்திரிகையின் வாயிலாக மக்களிடம் நிதி திரட்டி 1947-இல் அதைத் திறக்கச் செய்தது ஆகிய காரியங்கள் எல்லாம், வாசகர் கூட்டத்தைத் தம் புகழுக்காக அல்லாமல் நாட்டுக்காகத் திரட்டியவர் அவர் என்பதற்குச் சான்று.

1954-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி, 'பொன்னியின் செல்வன்' முடிந்த சில மாதங்களிலேயே, ஐம்பத்தைந்தாம் வயதில் கல்கி காலமானார். எழுதிக்கொண்டிருந்த 'அமரதாரா' பாதியில் நிற்க, அவருடைய குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி அதை முடித்து வைத்தார். சுதந்திரப் போராட்டக் காலத்தைச் சித்திரித்த 'அலை ஓசை'க்கு 1956-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு வந்தபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை. பின்னர் அவருடைய நூல்கள் நாட்டுடைமையாயின. இப்போது யாரும் அவற்றை அச்சிடலாம், யாரும் குறைந்த விலைக்கு வாங்கலாம்.

ஆகையால், வேளாங்கண்ணிக்கு வரும் அன்பர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. தரிசனம் முடிந்ததும் உடனே பேருந்து ஏறிவிடாதீர்கள். 'சுழற்காற்று' என்ற இரண்டாம் பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு நாள் கோடிக்கரை வரையில் போய் வாருங்கள். கூடவே குழந்தைகளையும் அழைத்துப் போய், கடலைப் பார்த்தபடி முதல் அத்தியாயத்தை அவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள்.