வாபஸ் ஆன கேஸ்... வாபஸ் ஆகாத தலைவலி!

ஈ.சி.ஆர்-ல பைக்கை எடுத்தா மாமல்லபுரம் வரைக்கும் ஒரே குஷிதான். ஆனா 2020 ஊரடங்குல, அதே ரோட்டுல ‘சும்மா ஒரு ரவுண்டு’ போனவங்க மேலயும் கேஸ் விழுந்துச்சு. எங்க ஏரியா அண்ணன் ஒருத்தரும் அப்படி மாட்டினவர்தான். அப்போ காலேஜ் ஸ்டூடன்ட். அபராதம்கூட கட்டலை, மறந்தே போயிட்டார்.

படிப்பு முடிஞ்சு வேலைக்கு ஃபாரம் நிரப்பும்போது ஒரு கேள்வி. ‘உங்கள் மீது வழக்கு பதிவானது உண்டா?’ பேனாவை மூடி வெச்சுட்டு, செங்கல்பட்டு கோர்ட்டுக்கு வக்கீலைத் தேடி ஓடினார்.

‘அதான் கவர்மென்ட்டே வாபஸ் வாங்கிடுச்சே’ங்கிறீங்களா? நிஜம்தான். 2021 பிப்ரவரி 19-ம் தேதி, அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, ஊரடங்கு மீறல் வழக்குகள் சுமார் 10 லட்சத்தைக் கைவிடுறதா அறிவிச்சார். வன்முறை, இ-பாஸ் மோசடி, போலீஸைத் தடுத்தது... இதுக்கு மட்டும் விதிவிலக்கு.

கோர்ட்டுக்கு இது எவ்ளோ பெரிய ரிலீஃப்? கால்குலேட்டரைத் தட்டினேன். கேஸுக்கு அஞ்சே நிமிஷம்னாலும் 83 ஆயிரம் மணி நேரம்! ஒரே மாஜிஸ்திரேட் தினமும் 6 மணி நேரம் உட்கார்ந்தா, லீவே இல்லாம 38 வருஷம்!

இங்கதான் ட்விஸ்ட். கேஸ் போனாலும் பதிவு போகாது. 18 வயசுக்குக் கீழேன்னா, கொடுங்குற்றம் தவிர மத்ததுல பதிவை அழிக்க 2015 சிறார் நீதிச் சட்டம் வழி சொல்லுது. 18 தாண்டினவங்களுக்கு அப்படிப் பொதுவான சட்டம் எதுவும் நம்ம நாட்டுல இல்லை. எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யணும்னா ஒவ்வொருத்தரும் தனித்தனியா ஹைகோர்ட் படியேறணும். மொத்தமா இறக்கி வெச்ச சுமை, சில்லறையா திரும்பி வருது!

ஒரு உதாரணம். விடுதலையான ஒருத்தர், தீர்ப்புல இருக்கிற தன் பேரை மறைக்கச் சொல்லி சென்னை ஹைகோர்ட் போனார். 2021-ல தனி நீதிபதி முடியாதுன்னார். 2024 பிப்ரவரியில ரெண்டு நீதிபதிகள் சரின்னாங்க. அதே ஜூலையில சுப்ரீம் கோர்ட் தடை போட்டுடுச்சு. ஒரே ஒரு பேருக்கு மூணு ரவுண்டு!

அமெரிக்காவோட பென்சில்வேனியா மாநிலத்துல 2018-ல ஒரு சட்டம் போட்டாங்க. தகுதியான பழைய பதிவுகளைக் கம்ப்யூட்டரே தேடிப் பிடிச்சு மூடிடும். மனு வேணாம், வாய்தா வேணாம். ஐ.டி-க்குப் பேர் போன நம்ம ஊர்ல இது முடியாதா என்ன?

அதுவரைக்கும் ஒரு டிப்ஸ்: மறைக்காதீங்க. சின்ன வயசுல கோஷம் போட்டது மாதிரியான சில்லறை கேஸ்களை வேலை தர்றவங்க மன்னிக்கலாம்னு 2016-ல அவ்தார் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. ஆனா கேட்டும் சொல்லாம விட்டா, அதுவே வேலைக்கு வேட்டு வைக்கலாம். கேஸ் முடிஞ்சதுக்கான ஆர்டர் காப்பியை மார்க் ஷீட்டோட சேர்த்துப் பத்திரமா வெச்சுக்கோங்க.

நம்ம அண்ணன்? ‘ஆம்’னு எழுதி, காப்பியையும் இணைச்சு அனுப்பிட்டார். இப்போ பதிலுக்காக தினமும் மெயிலைத் திறந்து பார்த்துட்டு இருக்கார்!